ரீப்ளே வரலைன்னா...

ஆபிஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா பாதி எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி வெச்சிருந்த பதிவு இது. கார் ரேஸ் பத்தினது. ரேஸ்னாலே காத தூரம் ஓடுறவங்களும் பயப்படாம படிக்கலாம், டயர் எஞ்சின் சமாச்சாரம் அதிகம் வராது. ரேஸை டிவியில காட்ட ஆரம்பிச்ச கதைதான். நடுநடுவுல கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்குங்க மக்கா :-)

2020 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கோயம்புத்தூர்ல அத்தை வீட்டு ஹால். சோபாவில் மச்சான் (அத்தை பையன்) ஒரு காலை ஸ்டூல் மேல நீட்டி உக்காந்திருக்கார். அந்தக் கால்ல ராடு இருக்கு, அந்தக் கதை அப்புறம். பஹ்ரைன் கிராண்ட்பிரீ ஆரம்பிக்குது. முதல் லாப், மூணாவது திருப்பம் தாண்டினதும் பின்னால ஒரு பெரிய தீப்பந்து எழும்புறது தெரிஞ்சுது. அவ்வளவுதான், டிவிக்காரன் படத்தை வேற பக்கம் திருப்பிட்டான். செங்கொடி. காரெல்லாம் பிட் லேனுக்குத் திரும்புது. மெக்கானிக்குங்க மூஞ்சி, டிரைவருங்க மூஞ்சின்னு காட்டுறான். எரிஞ்ச காரை மட்டும் காட்டவே இல்லை.

"ரீப்ளே வரல மாப்ள" என்றார் மச்சான், மெதுவா. "ஆள் போயிட்டான்."

அத்தை எதுவும் பேசாம எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க.

வழக்கமா ரேஸ் பாக்குறவங்களுக்கு மச்சான் சொன்னது புரியும். ஒரு கார் மோதினா அடுத்த பத்து செகண்டுல நாலு கோணத்துல ரீப்ளே வரணும். வந்தா ஆள் நல்லா இருக்கான்னு அர்த்தம். வரலைன்னா வயித்தைப் பிசையும். இந்தப் பாஷையை யாரும் நமக்குச் சொல்லித் தரலை, பாத்துப் பாத்துப் பழகினது. டிவிக்காரங்களும் ஒரே நாள்ல கத்துக்கலை. அறுபது எழுபது வருஷம் ஆகியிருக்கு.

ஆரம்பத்துல டிவிக்கும் ரேஸுக்கும் ஏழாம் பொருத்தம். அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ் 500 ரேஸை 1949லயும் 1950லயும் அந்த ஊரு டிவி ஸ்டேஷன் நேரடியா காட்டுச்சு. 'வீட்டுல உக்காந்து பாத்தா எவன் டிக்கெட் வாங்குவான்?'னு மைதானத்துக்காரங்களுக்குக் கவலை வந்துருச்சு. அத்தோட நேரடி ஒளிபரப்புக்குத் தடை. நம்ம ஊருல படத்தோட திருட்டு விசிடிக்குப் பயந்த மாதிரி வெச்சுக்கங்களேன். 1964ல ஒரு நடுவழி கண்டுபிடிச்சாங்க. சினிமா தியேட்டருக்கு கேபிள் இழுத்து, காசு வாங்கிட்டு ரேஸை நேரடியா காட்டுறது. அந்த முதல் வருஷமே, ரெண்டாவது லாப்ல பெரிய விபத்து, பெரிய தீ. எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்டுன்னு ரெண்டு டிரைவருங்க இறந்து போனாங்க. டிக்கெட் வாங்கி இருட்டுல உக்காந்திருந்த ஜனங்க திரையில அதைப் பாத்திருக்காங்க. அந்த தியேட்டர்ல இருந்தவங்க எப்படி வீட்டுக்குத் திரும்பினாங்கன்னு அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம் ஏபிசி வந்தான். 1971ல இருந்து 1985 வரைக்கும் பகல்ல நடந்த ரேஸை வெட்டி ஒட்டி அன்னிக்கே ராத்திரி போட்டாங்க. 1986லதான் இண்டி 500 நாடு முழுக்க நேரடியா வந்துச்சு. இதுல கூத்து என்னன்னா, ரேஸ் நடக்கிற அந்த இண்டியானாபோலிஸ் ஊருக்காரனுக்கு மட்டும் அப்பவும் நேரடி கிடையாது. 2016ல நூறாவது ரேஸுக்கு டிக்கெட் மொத்தமும் வித்த பிறகுதான், பல பத்து வருஷத்துல முதல் தடவையா உள்ளூர்ல நேரடியா காட்ட விட்டாங்க. உள்ளூர்க்காரன் எப்பவுமே இளிச்சவாயன்தான்!

வெட்டி ஒட்டுறதுல ஒரு வசதி இருக்கு பாருங்க. வெட்டுற ஆளுக்கு முடிவு முன்னாடியே தெரியும். யாரு பொழச்சாங்க, யாரு இல்லைன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, எதைக் காட்டலாம்னு நிதானமா முடிவு பண்ணலாம். நேரடின்னா அது கிடையாது. கேமராமேனுக்கும் நமக்கும் ஒரே நேரத்துலதான் தெரியும்.

அதுக்கு மோசமான உதாரணம் 1973 ஜூலை 29, நெதர்லாந்துல ஸாண்ட்வூர்ட். ரோஜர் வில்லியம்சன்னு ஒரு சின்னப் பையன், ரெண்டாவது ஃபார்முலா ஒன் ரேஸ்தான் அவனுக்கு. கார் தலைகீழா கவுந்து தீப்பிடிச்சிருச்சு. பின்னால வந்த டேவிட் பர்லி தன் காரை ஓரங்கட்டிட்டு, ரோட்டைக் குறுக்கே ஓடித் தாண்டி, தனி ஆளா அந்தக் காரை நிமித்தப் பாக்குறார். முடியலை. பக்கத்துல நின்ன பணியாளர்கள்கிட்ட தீயைத் தாங்குற உடுப்பு இல்லை, அதனால கிட்டப் போகலை. மத்த டிரைவருங்க, பர்லிதான் அந்தக் கார்ல இருந்து இறங்கி வந்தவர்னு நெனச்சுக்கிட்டாங்க. ரேஸை நிறுத்தவே இல்லை. லாப்புக்கு லாப் கார்கள் அந்தப் புகைக்குள்ள புகுந்து போய்ட்டே இருந்துச்சு. இதெல்லாம் டிவியில நேரடி. பர்லி கை ரெண்டையும் விரிச்சு நிக்கிறதும், கடைசியில தோத்துப்போய் நடந்து போறதும் வீட்டுல இருந்தவங்க பாத்தாங்க. அவருக்கு அப்புறம் ஜார்ஜ் மெடல் கொடுத்தாங்க. நான் இந்தக் காட்சியை யூட்யூப்ல ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன். ரெண்டாவது தடவை தைரியம் வரலை.

பிபிசி கதை வேற மாதிரி. 1976ல சர்ட்டீஸ் அணி கார் மேல ஆணுறைக் கம்பெனி விளம்பரம் ஒட்டினாங்கன்னு, 'இதையெல்லாம் குடும்பத்தோட பாக்குற டிவியில காட்ட முடியாது'ன்னு பிபிசி ரேஸ்பக்கமே தலைவெச்சுப் படுக்கலை. சாவு காட்டலாமாம், ஆணுறை காட்டக்கூடாதாம் :-) ஆனா அந்த வருஷம் ஜேம்ஸ் ஹண்ட்டா, நிக்கி லாடாவான்னு கதை சினிமா கணக்கா போனதால, கடைசியில ஜப்பான் ரேஸுக்கு ஓடி வந்துட்டாங்க. 1978ல ஒழுங்கா கிராண்ட்பிரீன்னு நிகழ்ச்சியே ஆரம்பிச்சாச்சு. மர்ரே வாக்கர் பேசுவார், 1980ல இருந்து அதே ஜேம்ஸ் ஹண்ட் பக்கத்துல. ரெண்டு பேருக்கும் ஒரே மைக். ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துவார், இன்னொருத்தர் சலிச்சுக்கிட்டே பேசுவார். நம்ம ஊரு நாயனமும் தவிலும் மாதிரி, சண்டை போட்டாலும் சேர்ந்தாத்தான் கச்சேரி.

டிவியால ரேஸ் பெரிசான நாள்னா அமெரிக்காக்காரன் 1979 பிப்ரவரி 18ஐச் சொல்லுவான். டேடோனா 500 ரேஸை சிபிஎஸ் முதல் தடவையா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நேரடியா காட்டுச்சு. அன்னிக்குப் பாத்து நாட்டுல பாதி இடத்துல பனி கொட்டி, ஜனம் வீட்டை விட்டு வெளிய வர முடியலை. கடைசி லாப்ல முன்னால போன ரெண்டு பேரும், கேல் யார்பரோ, டோனி அலிசன், இடிச்சுக்கிட்டு சுவத்துல போய் விழுந்தாங்க. பின்னால வந்த ரிச்சர்டு பெட்டி ஜெயிச்சுட்டார். அங்க பாத்தா தோத்த ரெண்டு பேரோட, டோனியோட அண்ணன் பாபியும் சேர்ந்துக்கிட்டு புல்தரையில அடிதடி. அதையும் கேமரா விடாம காட்டுச்சு. கேபிள் டிவி வந்த புதுசுல மல்யுத்தம் பாத்தோமே, அந்த மாதிரி நாடே வாயைப் பொளந்து பாத்திருக்கு.

அதே 1979லதான் ஆஸ்திரேலியாவுல சேனல் செவன் ஒரு வேலை பண்ணான். பாத்தர்ஸ்ட் ரேஸ்ல பீட்டர் வில்லியம்சன் ஓட்டின டொயோட்டா செலிகாவுக்குள்ள கேமராவை வெச்சுட்டான். படம் மேல பறக்கிற ஹெலிகாப்டருக்குப் போய், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. அதுமட்டுமில்லாம அந்த மனுஷன் மலையில வண்டி ஓட்டிக்கிட்டே வர்ணனையாளரோட அரட்டை அடிச்சிட்டிருந்தார். நான் ஆபிஸ் போறப்ப ஹெட்செட்ல பேசினா வீட்டம்மா திட்டுறாங்க! 1983 டேடோனாவுல உள்ள கேமரா வெச்ச காரே ஜெயிச்சுது (திரும்பவும் யார்பரோ). ஃபார்முலா ஒன்ல 1985 ஜெர்மன் கிராண்ட்பிரீயில ரெனோ அணி மூணாவதா ஒரு காரை இறக்கினாங்க, கேமரா தூக்குறதுக்காக. பிரான்சுவா எனோ ஓட்டினார். சில லாப்லயே கிளட்ச் போய் நின்னுருச்சு, அது வேற விஷயம்.

வேலிக்கு வெளியே நின்ன கேமரா டிரைவரோட தோளுக்கே வந்து உக்காந்தாச்சு. பாக்குறவனுக்குக் கொண்டாட்டம். ஆனா 1994 மே 1 அன்னிக்கு இமோலாவுல, முன்னால போற செனா காரை பின்னால வர்ற ஷூமாக்கர் கார் கேமரா காட்டிட்டு வந்துச்சு. ஏழாவது லாப், டாம்புரெல்லோ திருப்பம். முந்தின நாள்தான் தகுதிச் சுத்துல ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். செனா காருக்குள்ள இருந்த கேமராவோட பதிவு, சுவத்துல மோதுறதுக்குச் சத்து முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அது ஏன் முடிஞ்சதுன்னு கோர்ட்டு வரைக்கும் பேசினாங்க.

மோதினதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. உலகத்துக்கெல்லாம் படம் அனுப்பினது இத்தாலிக்காரங்க ராய் டிவி. ரோட்டோரம் படுக்க வெச்சு டாக்டருங்க வைத்தியம் பாக்குறதை மேல இருந்தும் கிட்ட இருந்தும் விடாம காட்டினாங்க. பிபிசிகிட்ட பிட் லேன்ல சொந்தமா ஒரு கேமரா இருந்துச்சு. அவங்க அந்தப் படத்துக்கு மாறிட்டாங்க. ஒரே நொடி, ரெண்டு டிவி, ரெண்டு முடிவு. மர்ரே வாக்கர் விஷயம் என்னன்னு தெரியாம, ஆனா தெரிஞ்சும், பேசிக்கிட்டே இருக்கணும். பாவம் அந்த மனுஷன். ரேஸைத் திரும்ப ஆரம்பிச்சு முடிச்சும் விட்டாங்க. செனா இறந்துட்டார்ங்கிற சேதி வந்தப்ப சாயங்காலம் ஆயிருந்துச்சு.

2001 பிப்ரவரி 18. தேதியைக் கவனிச்சீங்களா? அதே டேடோனா, அதே பிப்ரவரி 18. ஃபாக்ஸ் டிவிக்கு அது முதல் டேடோனா 500. வர்ணனைக்கு உக்காந்தவர் டேரல் வால்ட்ரிப். 462 ரேஸ் ஓடியும் ஜெயிக்காத அவரோட தம்பி மைக்கேல் அன்னிக்கு ஜெயிக்கப் போறார். அண்ணன் மைக்ல அழுதே விட்டார். அதே கடைசித் திருப்பத்துல பின்னால டேல் எர்ன்ஹார்ட் கார் சுவத்துல இடிச்சு, சறுக்கி, புல்லுல வந்து நிக்குது. தம்பி ஓட்டின காருக்கு சொந்தக்காரரே அவர்தான். பாத்தா பெரிய இடியாவே தெரியாது. கூட இடிச்ச கென் ஷ்ரேடர் இறங்கிப் போய் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, பதறிப்போய் ஆளுங்களைக் கூப்பிட்டார். அந்தப் பதற்றத்தைப் பாத்த டேரல் குரல் மாறிப்போச்சு. ஆனா சேதி வர்றதுக்கு முன்னாடியே ஃபாக்ஸ் நேரம் முடிஞ்சு ஒளிபரப்பும் முடிஞ்சுபோச்சு. பாத்தவங்க எல்லாம் அவர் இறந்த சேதி வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாம டிவி முன்னாடி உக்காந்திருக்கணும்.

அந்த 'நடுவுல உள்ள நேரம்' இருக்கே... சரி, நம்ம கதைக்கு வரேன்.

எனக்கு ரேஸ் பைத்தியம் பிடிச்சது மச்சானாலதான். 2005ல நம்ம ஊரு நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் அணியில ஓட்டினப்ப கோயம்புத்தூர்ல பாதிப் பேரு 'எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, நாங்களும்தான். ஸ்டார் ஸ்போர்ட்ஸ்ல ஸ்டீவ் ஸ்லேட்டர் குரல் எங்க வீட்டு ஆளு குரல் மாதிரி ஆயிருச்சு. அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்க கிராண்ட்பிரீ. டயர் பிரச்சினையில மிச்செலின் கார் பதினாலும் ஒதுங்கிட, ஆறே கார். நாராயண் நாலாவது! நடுராத்திரி அத்தையை எழுப்பி டிவியைக் காட்டினோம். "மொத்தம் எத்தனை பேருடா?"ன்னாங்க. ஆறுன்னோம். "அப்ப சரி"ன்னு படுத்துக்கிட்டாங்க.

செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேக்குக் கூட்டிட்டுப் போனதும் மச்சான்தான். அங்க வேலிக்கு வெளிய நின்னு பாத்தா ஒண்ணு தெரியும். ஒரு வண்டி திருப்பத்துல காணாமப் போனா, திரும்ப வரலைன்னா, அவ்வளவுதான். ரீப்ளே கிடையாது. எல்லாரும் எக்கி எக்கிப் பாப்போம். பக்கத்துல இருக்கிறவர் 'எந்திரிச்சுட்டானா?'ன்னு கேப்பார். யாருக்கும் தெரியாது.

2014 அக்டோபர் 5, சுஸுகா ரேஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில மழைக்குள்ள நடந்துச்சு. சூட்டில் காரைத் தூக்க வண்டி நிக்குது, திடீர்னு செங்கொடி, ரேஸ் முடிஞ்சுருச்சு. ஏன்னு தெரியலை. ஷாம்பெயின் தெளிக்காம மேடையில நிக்கிறாங்க. ஜூல்ஸ் பியாங்கி கார் அந்தத் தூக்குற வண்டியிலயே போய் மோதினதை டிவி காட்டவே இல்லை. அப்புறம் பார்வையாளர் யாரோ எடுத்த துண்டு வீடியோ நெட்ல வந்துருச்சு. ஒன்பது மாசம் நினைவில்லாமக் கிடந்து, 2015 ஜூலையில பியாங்கி போயிட்டார். மச்சானோட அந்த 'ரீப்ளே வரல' சித்தாந்தம் அன்னிக்கு உருவானதுதான். அந்தத் துண்டு வீடியோவை நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். மறைக்க விரும்பலை, பாத்தோம். பல தடவை.

அதுக்கு வட்டியும் முதலுமா 2019 டிசம்பர்ல கட்டினோம்.

மச்சானுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சேல்ஸ் வேலை, பைக்லயே சுத்துவார். பைபாஸ்ல ஒரு டீக்கடை வாசல்ல, சர்வீஸ் ரோட்டுல இருந்து திரும்பின ஒரு லோடு வேன்ல இடிச்சு விழுந்தார். டீக்கடை சிசிடிவியில அது விழுந்துருச்சு. பதினாலு செகண்ட். கடைக்காரர் போன்ல இருந்து யாருக்கோ போய், அவர்கிட்ட இருந்து யாருக்கோ போய், 'தலைக்கவசம் உயிர்க்கவசம், பகிரவும்'னு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்து சேர்ந்துச்சு. அனுப்பின சொந்தக்காரருக்கு அது யாருன்னு தெரியாது. அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு. தீபாவளிக்கு அவங்க எடுத்துக் கொடுத்த சட்டை.

ஆஸ்பத்திரியில இருந்து போன் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த ஒரு மணி நேரமும் அத்தை அந்தப் பதினாலு செகண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்காங்க. எதுக்குன்னு அப்புறம் கேட்டேன். "அசையறானான்னு பாத்தேன் கண்ணு. அசையறதுக்குள்ள படம் முடிஞ்சுபோகுது" என்றாங்க.

மச்சான் பொழச்சுட்டார். கால்ல ராடு, நாலு மாசம் படுக்கை. விழுந்தது மட்டும் அவருக்கு ஞாபகமே இல்லை. பாக்க வந்த ஜனமெல்லாம் 'வேகமாத்தான் வந்திருப்பான்'னு முடிவு பண்ணிட்டுப் போச்சு. அவரும் 'இருக்கும்'னு ஒத்துக்கிட்டார். ரேஸ் பாக்குறவன் வேற எப்படி ஓட்டுவான், இல்லையா?

திரும்ப பஹ்ரைன். சில நிமிஷம் கழிச்சு, மெடிக்கல் காருக்குள்ள குரோஷான் உக்காந்திருக்கிறதைக் காட்டினாங்க. "அத்தை, வாங்க, பொழச்சுட்டான்!"னு கத்தினேன். ஈரக் கையோட ஓடி வந்து நின்னு பாத்தாங்க. "ஒரு கால்ல செருப்பில்லையே" என்றாங்க. நெசம்தான், ஒரு ஷூ அந்தக் கார்லயே மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் ரீப்ளே வந்துச்சு. ரெண்டு துண்டா உடைஞ்ச கார், இருபத்தெட்டு செகண்ட் தீக்குள்ள இருந்துட்டு அந்த மனுஷன் தடுப்பு மேல ஏறி வர்றார். ஆள் நல்லா இருக்கார்னு தெரிஞ்ச பிறகுதான் போடுறதுன்னு அவங்க வெச்சிருக்கிற வழக்கம் அது. ஆனா போட ஆரம்பிச்சவங்க நிறுத்தலை. ரேஸ் திரும்ப ஆரம்பிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அது முழுக்கத் திரும்பத் திரும்ப அதேதான். மத்த டிரைவருங்க வீட்டாளுங்க பாத்துட்டிருக்காங்க, இப்படியா காட்டுறதுன்னு டேனியல் ரிக்கார்டோ அன்னிக்கே வெடிச்சார். அத்தையும் அதையேதான் சொன்னாங்க, "போதும், அமத்துடா"ன்னு. அமத்தலை, சத்தத்தை மட்டும் குறைச்சோம்.

ஹாமில்டன் ஜெயிச்சு ரேஸ் முடிஞ்சு, அத்தை படுக்கப் போனதுக்கப்புறம், மச்சான் கேட்டார்.

"மாப்ள, அது உன் போன்ல இருக்கா?"

எதுன்னு நான் கேக்கலை. எல்லார் போன்லயும் அழிச்சது நான்தான். என் போன்ல மட்டும் அழிக்கலை. ஏன்னு கேட்டா பதில் இல்லை.

"வேண்டாம் மச்சான்."

"ஊரே பாத்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கல. குடு."

குடுத்தேன். முதல் தடவை ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை போனைக் கண்ணுகிட்டக் கொண்டு போனார். மூணாவது தடவை நடுவுல நிறுத்தி, விரலை வெச்சுப் பெரிசு பண்ணி, என் பக்கம் திருப்பினார். பின்சக்கரத்துக்கு மேல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி.

"பிரேக் லைட் எரியுது பாரு மாப்ள. வேன் திரும்பறதுக்கு முன்னாடியே புடிச்சிருக்கேன்."

"ஆமா மச்சான்."

"அம்மா தூங்கிட்டாங்களா பாரு" என்றபடி திரும்ப முதல்ல இருந்து போட்டார்.